காணியும் உரிமமும்: கைவினைஞர்க்குத் தொழில் இசைவு வழங்கிய முறைகள்

சிதம்பரம் நடராசர் கோயிலின் வடகோபுரத்தைக் கிருட்டிணதேவராயர் எடுப்பித்தார் என்பதும், அவருடைய சிலை அக்கோபுர வாயிலில் உள்ளது என்பதும் பலரும் அறிந்தவை. அவ்வேலையை நடத்திய தலைமைக் கைவினைஞர் நால்வர்க்கும் அதே கோபுரத்தில் உருவம் அமைத்துப் பெயரும் வெட்டியிருப்பதை அறிந்தார் சிலரே. அவருள் இருவர் விருத்தகிரியைச் சார்ந்த தந்தையும் மகனும் ஆவர். மகன் பெயர் விசுவமுத்து. மற்றை இருவரும் உடன்பிறந்தார். இளையவர் பெயர் காரணாச்சாரி. விருத்தகிரி என்பது இன்றைய விருத்தாசலம். ஆகவே, பதினாறாம் நூற்றாண்டின் முற்பகுதியில் விருத்தாசலத்துத் தச்சர் தில்லைக்கு வந்து தொழில் செய்தனர் என்பதற்கு அக்கல்லே சான்று.

இந்நால்வரும் யாருடைய இசைவு பெற்று உளியெடுத்தனர்? ஒருவன் கைத்தொழில் செய்தற்கு உரியவன் என்பதை அக்காலத்தில் யார், எதனைக் கொண்டு முடிவு செய்தனர்? இவ்வினா வெறும் பழமையாராய்ச்சி அன்று. திருப்பாதிரிப்புலியூர்த் தெருவிலோ சிதம்பரத்து மேலவீதியிலோ இன்று ஒருவர் வீடுதோறும் சென்று மின்விசிறியை மாற்றுகிறார். குழாயின் கசிவை அடைக்கிறார். கதவின் கீலைச் சரிசெய்கிறார். சுவர் வெடிப்பைப் பூசுகிறார். இச்சில்லறை வேலைகள் அனைத்தையும் ஒருவரே செய்வதற்கு அவர்க்கு உரிமம் வேண்டுமா? வேண்டுமாயின் எதற்கு வேண்டும், எதற்கு வேண்டா? வேலை கொடுப்பாரையும் செய்வாரையும் வினவினால் ஒன்றோடொன்று பொருந்தாத விடைகளே கிடைக்கின்றன. 'உரிமம்' என்னும் ஒரு சொல்லின்கீழ் வெவ்வேறு வரலாறு உடைய மூன்று பொருள்கள் தங்கியிருப்பதே இம்மயக்கத்திற்குக் காரணம் என யாம் கருதுகின்றோம். ஒன்று வழிவழி வரும் பற்று; மற்றொன்று அரசுக்கு இறுக்கும் இறை; பிறிதொன்று திறமைக்குத் தரும் சான்று. இவை மூன்றும் ஒன்றல்ல. ஒரே காலத்தில் தோன்றியனவும் அல்ல.

இலக்கியத்திலிருந்து தொடங்குவோம். மணிமேகலையில், காவிரிப்பூம்பட்டினத்து அரசன் சோலையில் அமைந்த மண்டபத்தைக் கட்டியவர் யாவர் எனக் கூறுமிடத்து, மகதம், மராட்டம், அவந்தி, யவனம் ஆகிய நாட்டுக் கைவினைஞரும் தமிழ்நாட்டு வினைஞரும் கூடிச் செய்தது எனச் சாத்தனார் கூறுகின்றார். பிறநாட்டார் வந்து தொழில் செய்யத் தடை ஒன்றும் இருந்ததாக அந்நூலில் குறிப்பில்லை. திறமையே அவர்தம் நுழைவுச் சீட்டு. நெடுநல்வாடையில் அரண்மனைக்கு நூலிட்டு மனை வகுப்பவரும் நூற்கல்வி உடையவராகவே காட்டப்படுகின்றனர்.

சிலப்பதிகாரம் காட்டும் செய்தியோ வேறு. அதனை உரையாசிரியர் முதல் இன்றைய திறனாய்வாளர் வரை அறநோக்கிலேயே ஆராய்ந்துள்ளனர். கோவலன் மதுரைத் தெருவில் எதிர்ப்பட்ட பொற்கொல்லனை எதனால் நம்பினான்? அவன் மெய்ப்பை அணிந்திருந்தான். கையில் கோல் ஏந்தியிருந்தான். நூறு கொல்லர் அவன் பின் வந்தனர். பாண்டியன் பெயரோடு சிறப்பும் பெற்றிருந்தான். இக்காலத்து வழக்கில் கூறின், அரசு முத்திரை பெற்ற தொழிலாளி. புதிய ஊரில் யாரையும் அறியாத கோவலன் அம்முத்திரையையே சான்றாகக் கொண்டு சிலம்பை அவன் கையில் கொடுத்தான். அரசன் தந்த பட்டம் அவன் கைத்திறனுக்குத் தந்தது, நேர்மைக்குத் தந்ததன்று. இரண்டையும் ஒன்றெனக் கொண்டவன் உயிரிழந்தான். உரிமம் எதற்குச் சான்று, எதற்குச் சான்றன்று என்னும் வினா தமிழில் இவ்வளவு கடுமையாக வேறெங்கும் எழுப்பப்பட்டதில்லை என்றே தோன்றுகிறது.

கல்வெட்டுகளுக்கு வருமிடத்துச் செய்தி விரிவாகக் கிடைக்கின்றது. தஞ்சைப் பெரிய கோயிலில் முதலாம் இராசராசனின் 29ஆம் ஆட்சியாண்டினதாகிய நெடிய கல்வெட்டு ஒன்று, கோயிற் பணியாளர் பலரையும் அவரவர் பங்கினையும் வரிசையாகக் கூறுகின்றது. தளிச்சேரிப் பெண்டிர் நானூற்றுவர் பற்றிய பகுதியையே வரலாற்றாசிரியர் பெரிதும் எடுத்தாளுவர். அதே கல்வெட்டில் இராசராசப் பெருந்தச்சன் என்னும் பட்டம் பெற்ற குஞ்சரமல்லனும், நித்தவிநோதப் பெருந்தச்சன், கண்டராதித்தப் பெருந்தச்சன் எனப் பட்டம் பெற்றாரும், கன்னானும், தையானும், வண்ணாரும் இடம் பெற்றுள்ளனர். இவர்க்கு வழங்கிய உரிமை 'காணி' எனப்பட்டது. ஒருவர் இறந்தாலோ வேற்றூர்க்குச் சென்றுவிட்டாலோ அவர்க்கு அடுத்த முறையினர் அக்காணியைப் பெற்றுப் பணி செய்ய வேண்டும். அவர் யோக்கியர் அல்லாராயின், யோக்கியமான ஒருவரை ஆளாக இட்டு வேலை செய்வித்துத் தாம் நெல் பெறலாம். முறையினரே இல்லையாயின், தகுதியுடையாருள் ஒருவரைத் தேர்ந்து அமர்த்த வேண்டும்.

இவ்விதியைச் சற்று நின்று நோக்குதல் வேண்டும். தகுதி என்னும் கருத்து சோழர் காலத்தில் இல்லாமலில்லை, கல்லிலேயே வெட்டப்பட்டுள்ளது. ஆயினும் அது இரண்டாம் இடத்தில் நின்றது. முதலிடம் பிறப்பு முறைக்கே. தகுதியில்லாத மகனுக்கும் நெல் கிடைத்தது. வேலை மட்டும் தகுதியுடைய மற்றொருவன் கைக்குச் சென்றது. உரிமம் ஒருவர் பெயரிலும் உழைப்பு மற்றொருவர் தோளிலும் இருக்கும் வழக்கம் இன்றும் ஒப்பந்தத் தொழில்களில் காணப்படுவதே. அது புதிதாகத் தோன்றிய கேடு என எண்ணுவார் தஞ்சைக் கல்வெட்டைப் படித்துப் பார்த்தல் நலம்.

பிறப்பை நோக்காது திறமையையே நோக்கிய ஏற்பாடும் ஒன்று உண்டு. உத்தரமேரூரில் முதலாம் பராந்தகன் காலத்துச் சபையார், ஊரில் வழங்கும் பொன்னின் மாற்றினை உரைத்துப் பார்ப்பதற்கெனத் தனியே ஆள் அமைத்தனர். பொன் பார்க்கத் தெரிந்தாரிலிருந்தே அவர்கள் தெரிந்தெடுக்கப்பட்டனர். குடவோலையால் வாரியங்களைத் தேர்ந்த அவ்வூர், பொன் வகையில் அறிவையும் வேண்டியது. தவறு நேரின் ஊர் முழுவதும் இழப்புறும் தொழில் அது என்பதே காரணம். பொதுமக்கட்குத் தீங்கு விளையக்கூடிய இடத்தில்தான் ஆராய்ந்து இசைவளிக்கும் முறை முதலில் தோன்றியது என்னும் கருத்திற்கு இது துணை நிற்கும்.

இவற்றினும் இன்றைய உரிம விதிக்கு நெருங்கியது திருச்சிராப்பள்ளியை அடுத்த உய்யக்கொண்டான் திருமலைக் கல்வெட்டு. முதலாம் குலோத்துங்கனின் 48ஆம் ஆட்சியாண்டில், அஃதாவது கி.பி. 1118இல், இராசாசிரயச் சதுர்வேதிமங்கலத்துப் பட்டர்கள் கூடி, இரதகாரர் எனப்பட்ட கம்மாளர் எவ்வெத் தொழில்களைச் செய்யலாம் என நூல்களை ஆராய்ந்து முடிவு கட்டினர். கட்டடம் அமைத்தல், தேரும் வண்டியும் செய்தல், உருவங்களோடு கோபுரம் எடுத்தல், வேள்விக்குரிய கருவிகள் செய்தல், மண்டபம் கட்டுதல், அரசர்க்கு அணிகலன் செய்தல் ஆகியவை அவர்க்கு உரியவை என அறிவித்தனர். ஈண்டு வியப்பு யாதெனின், உளி பிடித்தறியாதார் உளி பிடித்தார்க்குத் தொழில் வரையறை செய்ததே. நூல் நோக்கி இசைவளித்தனர். கை நோக்கி அளித்திலர். ஒரு பட்டியலில் சில தொழில்கள் சேர்க்கப்படும்பொழுது பட்டியலில் இல்லாதவை விலக்கப்படுகின்றன என்பதும் கருதத்தக்கது.

கொங்குநாட்டுக் கல்வெட்டுகள் இவ்வரலாற்றின் மற்றொரு முகத்தைக் காட்டும். கருவூரிலும் பேரூரிலும் உள்ள அவை, கோனேரின்மைகொண்டான் என்னும் பெயரில் அரசன் கம்மாளர்க்கு விடுத்த ஆணைகள். தன் 15ஆம் ஆண்டு ஆடித் திங்கள் முதல் அவர்கள் தம் நன்மை தீமைகட்கு இரட்டைச் சங்கு ஊதலாம். பேரிகை முதலியன கொட்டுவிக்கலாம். வெளியே செல்லும்பொழுது காலிற் செருப்பு அணியலாம். தம் வீடுகளுக்குச் சாந்து பூசிக்கொள்ளலாம். இக்கட்டளை எதனை அளித்தது என்பதினும், அதற்கு முன்பு எது இல்லாதிருந்தது என்பதே எம் நெஞ்சில் தைக்கின்றது. ஊரார் மாளிகைக்கெல்லாம் வேலை செய்த கைகள் தம் குடிசைச் சுவருக்குச் சாந்து பூச அரசன் ஓலை வேண்டியிருந்தது. தொழில் செய்ய உரிமை இருந்தது. அத்தொழிலின் பயனைத் தாம் நுகர உரிமை இல்லை. பிரமதேயச் செப்பேடுகள் பலவற்றில் சுட்ட செங்கல்லால் மாடமாளிகை எடுக்கலாம் என்பது தனிச் சலுகையாகவே கூறப்படுவதையும் இதனோடு சேர்த்து எண்ணுக. கம்மாளரின் பழம்பெருமையைப் பேசுவார் கோபுரத்தைக் காட்டுவர்; இவ்வோலையைக் காட்டுவதில்லை.

இனி, இறை என்னும் பொருளுக்கு வருவோம். தறியிறை, தட்டார்ப்பாட்டம், செக்கிறை, குசக்காணம், வண்ணாரப்பாறை எனக் கல்வெட்டுகளில் பயிலும் வரிப்பெயர்கள் தொழிலாளர் மீது விழுந்தவை. இவை திறமைச் சான்றுக்குரிய கட்டணமன்று. தொழில் செய்வதனாலேயே செலுத்த வேண்டியவை. விசயநகர ஆட்சியில் இவ்வரிகள் மிகுந்து வருத்தியபொழுது, 1429ஆம் ஆண்டளவில் வலங்கை, இடங்கை இரு பகுதியாரும் பகை மறந்து கூடி, முறையற்ற வரி இறுப்பதில்லை என உறுதி செய்து கல்லில் வெட்டினர். அக்கல்வெட்டுகள் கிடைத்த ஊர்களுள் விருத்தாசலமும் ஒன்று. வடகோபுரத்து விசுவமுத்துவின் ஊர்க்காரர்களுக்கு அப்போராட்டம் நூறாண்டிற்குள் நிகழ்ந்த செய்தி.

கடலூர்ப் பகுதியில் ஆங்கிலக் கம்பெனியார் 1690இல் புனித தாவீது கோட்டையை விலைக்கு வாங்கினர். தென்னார்க்காடு முழுவதும் அவர் ஆட்சிக்குள் வந்தது 1801இல். பழைய தொழில்வரிகளைப் 'மோதுர்பா' என்னும் பெயரால் அவர்களும் தொடர்ந்து தண்டினர். நெசவாளர், தச்சர், கொல்லர், கடைக்காரர் எவரும் தப்பவில்லை. 1860இல் வருமானவரி வந்ததை ஒட்டி அது நீங்கியது. ஆனால் ஏழாண்டிற்குள், 1867இல், தொழில்களுக்கும் வாணிகத்திற்கும் 'லைசென்சு வரி' என ஒரு சட்டம் பிறந்தது. சென்னை மாகாணத்திற்கெனத் தனிச் சட்டம் 1878இல் எழுந்தது. லைசென்சு என்னும் சொல் நம் ஊர்க் கைவினைஞன் காதில் விழுந்ததே வரியின் வடிவில்தான். அதனைப் பெற்றவன் தொழில் அறிந்தவனா என எவரும் கேட்கவில்லை. பணம் கட்டினானா என்றே கேட்டனர். இன்றும் உரிமம் என்றவுடன் 'எவ்வளவு கட்ட வேண்டும்' என்பதே முதல் வினாவாக எழுவதன் வேர் இங்குள்ளது போலும்.

உள்ளாட்சி மன்றங்கள் தண்டும் தொழில்வரி இம்மரபின் எச்சம். அரசியலமைப்பின் 276ஆம் கூறு அதற்கு ஆண்டிற்கு 250 ரூபாய் என வரம்பிட்டிருந்தது. 1988இல் அது 2500 ரூபாய் ஆயிற்று. தொழில்வரிச் சீட்டு கையில் உள்ளமையால் ஒருவர் தொழிலுரிமம் பெற்றவர் ஆகார். அவ்வாறே, 1982ஆம் ஆண்டு உடலுழைப்புத் தொழிலாளர் சட்டத்தின்கீழ் 1994இல் அமைந்த கட்டுமானத் தொழிலாளர் நலவாரியத்தின் அட்டையும் உரிமமன்று. அது விபத்து, மகவுகளின் கல்வி, முதுமை ஆகியவற்றில் உதவி பெறுவதற்கான பதிவு. சிதம்பரத்தில் எம் வீட்டு வேலைக்கு வந்த ஒருவரிடம், மின்வேலை செய்ய இசைவு உண்டா எனக் கேட்டபொழுது அவர் இவ்வட்டையையே பெருமிதத்தோடு எடுத்துக் காட்டினார். யாமும் அன்று அதனை நம்பிவிட்டோம்! மயக்கம் படித்தார்க்கும் பொது.

திறமைச் சான்று என்னும் பொருளில் உரிமம் நம்மிடையே வேரூன்றியது மின்னாற்றலோடுதான். 1910ஆம் ஆண்டு இந்திய மின்சாரச் சட்டத்தின்கீழ் 1956இல் வகுத்த விதிகளுள் 45ஆவது விதி இதற்கு அடிப்படை. நெய்வேலிப் பழுப்பு நிலக்கரி நிறுவனம் தோன்றியதும் அதே 1956இல் என்பது தற்செயலே. ஆயினும் கடலூர் வட்டாரத்தார்க்கு நினைவில் நிற்கத்தக்க பொருத்தம். நுகர்வோர் கட்டடத்தில் மின்னமைப்பு வேலை எதனையும், பழுதுபார்த்தல் உட்பட, மாநில அரசின் உரிமம் பெற்ற ஒப்பந்தக்காரரே செய்தல் வேண்டும். தகுதிச் சான்று பெற்றவர் நேரில் மேற்பார்த்தல் வேண்டும் என்பது அவ்விதியின் சாரம். 2003இல் புதிய மின்சாரச் சட்டம் வந்தது; அதன்கீழ் 2010இலும் 2023இலும் பாதுகாப்பு ஒழுங்குமுறைகள் எழுந்தன. அடிப்படைக் கருத்து மாறவில்லை.

இவ்விதியின் உயிர்நிலை அதன் விலக்கில் உள்ளது. விளக்கு, விசிறி, உருகுகம்பி, சுவிட்சு, வீட்டுக்குரிய சிறு மின்கருவிகள் ஆகியவற்றை, அமைப்பின் திறனும் தன்மையும் மாறாதவாறு மாற்றி வைப்பதற்கு உரிமம் வேண்டா. வீட்டுச் சில்லறைப் பழுது பார்ப்பவர்க்குச் சட்டம் விட்டுவைத்த வெளி இதுவே. பழைய விசிறியைக் கழற்றிப் புதியதை மாட்டலாம். விசிறியே இல்லாத அறைக்குப் புதிதாகக் கம்பி இழுத்தல் ஆகாது. கெட்ட சுவிட்சை மாற்றலாம். குளிர்ப்பெட்டிக்கெனப் புதிய இணைப்பை அமைத்தல் ஆகாது. கொத்துவேலை, தச்சுவேலை, வண்ணம் பூசுதல் ஆகியவற்றைச் செய்யும் தொழிலாளர்க்குத் திறமை உரிமம் என ஒன்றும் நம் மாநிலத்தில் இல்லை. வீட்டினுள் குழாயின் வாயிலை மாற்றுவதும் அன்னதே. ஊர்ப் பொதுக் குடிநீர்க் குழாயில் கைவைப்பதற்கோ உள்ளாட்சியின் இசைவு வேண்டும். உத்தரமேரூர்ச் சபையார் பொன்னுக்குக் கண்ட நெறியே, தீங்கு பிறர்க்கும் பரவும் இடத்தில் மட்டும் ஆராய்க என்னும் நெறியே, இங்கும் தொடர்வதைக் காண்கின்றோம்.

பிறநாட்டு முறைகள் வேறு வழிகளில் சென்றுள்ளன. கலிபோர்னியா மாநிலச் சட்டம் வேலையின் தன்மையோடு தொகையையும் நோக்குகின்றது; 500 டாலருக்குட்பட்ட சிறுவேலைக்கு ஒப்பந்தக்காரர் உரிமம் வேண்டா என்றிருந்த வரம்பு 2025 முதல் 1000 டாலராக உயர்ந்தது. செருமனியில் 1953ஆம் ஆண்டுச் சட்டம் கைத்தொழில் பலவற்றிற்கும் 'மைசுடர்' பட்டத்தைக் கட்டாயமாக்கியது. 2004இல் 94 தொழில்களை 41ஆகக் குறைத்தனர். 2020இல் 12 தொழில்களுக்கு மீண்டும் கட்டாயமாக்கினர். இரண்டும் நமக்கு அப்படியே பொருந்துவன அல்ல. தொகையை அளவுகோலாகக் கொண்டால், ஐம்பது ரூபாய் வேலையிலும் மின்னதிர்ச்சியால் உயிர் போகும் என்பது மறக்கப்படும்.

தமிழ்நாட்டில் இத்தொழிலின் முதற்படி மின்கம்பியாள் உதவியாளர் தகுதிகாண் தேர்வு. கம்பியாள் என்னும் சொல்லாக்கம் நன்று. தச்சன், கொல்லன் என்பவை போலக் குலப்பெயராகாமல், செய்யும் வேலையால் மட்டும் ஆளைக் குறிக்கின்றது. 21 வயது நிறைந்திருத்தலும், மின்கம்பி அமைக்கும் தொழிலில் ஐந்தாண்டுக்குக் குறையாத செய்முறைப் பட்டறிவும் இத்தேர்வுக்கு வேண்டப்படுகின்றன. பெரும்பட்டம் வேண்டா, தந்தை இன்ன தொழிலினர் என்பதும் வேண்டா. தஞ்சைக் கல்வெட்டில் இரண்டாம் இடத்தில் நின்ற தகுதி இங்கு முதலிடத்திற்கு வந்துள்ளது. முதலிடத்தில் நின்ற அடுத்த முறையினர் என்பது நீங்கிவிட்டது.

இம்மாற்றத்தின் அருமையை இந்நாட்டார் உணர்ந்தே உள்ளனர். 1953இல் இராசாசி அரசு தொடக்கப்பள்ளி மாணவர் அரைநாள் பெற்றோர் தொழிலைப் பயிலும் திட்டத்தைக் கொணர்ந்தபொழுது, அது குலக்கல்வி எனக் கண்டிக்கப்பட்டது, 1954இல் அவர் பதவி விலகினார், திட்டமும் கைவிடப்பட்டது. 2023இல் ஒன்றிய அரசு 18 தொழில்களுக்கென விசுவகர்மா திட்டத்தைத் தொடங்கியபொழுது, குடும்பத் தொழில் என்னும் நிபந்தனை பற்றி அதே ஐயம் மீண்டும் எழுந்தது. தமிழ்நாடு அரசு அதனை ஏலாது, குடும்பத் தொழில் என்னும் வரையறை இல்லாத கைவினைத் திட்டம் ஒன்றை 2025இல் தொடங்கியது. இப்பூசலை வெறும் கட்சிப் பூசலாகக் காண்பது பிழை. காணிக்கும் உரிமத்திற்கும் இடையிலான ஆயிரம் ஆண்டு வழக்கு அது.

ஆயினும் ஓர் இடர்ப்பாடு எஞ்சி நிற்கின்றது. தேர்வுக்கு முந்திய அவ்வைந்தாண்டுப் பட்டறிவை ஒருவர் எங்கே பெறுவது? சட்டத்தின் சொற்படி, உரிமம் பெற்ற ஒப்பந்தக்காரரின்கீழ், சான்று பெற்றவர் மேற்பார்வையில்தான் பெறுதல் வேண்டும். சிறுநகரங்களிலும் சிற்றூர்களிலும் இளைஞர் உண்மையில் கற்பதோ தாய்மாமனிடமோ, தெருவில் அறிமுகமான மூத்த தொழிலாளியிடமோ. அவருள் பலர் தாமே சான்று பெறாதவர். தொழிற்பயிற்சி நிலையத்தில் சேர்ந்து படிக்க வாய்ப்புற்றோர்க்கு இவ்விடர் இல்லை. பள்ளியை இடையில் விட்டு, பன்னிரண்டாண்டு வேலை செய்தும் ஒரு நாள் பட்டறிவையும் தாளில் மெய்ப்பிக்க இயலாத ஒருவரை யாம் கடலூர் முதுநகரில் கண்டோம். அவர் இழுத்த கம்பிகளில் குறை காண்டல் அரிது. தேர்வு எழுத விருப்பமும் அவர்க்கு உண்டு. யாருடைய கீழ் வேலை செய்தீர் என்னும் இடத்தில் எழுதுவதற்கு ஒரு பெயர்தான் அவரிடம் இல்லை.